ராணுவத்தை எதிர்த்து ஆடிய விடுதிப் பிள்ளைகள்... 1912-ல் கார்லைல் அணி செய்த சம்பவம்! | மைதானக் கதைகள்

1912 நவம்பர் 9, சனிக்கிழமை. நியூயார்க் மாகாணத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி மைதானம். ஒரு பக்கம், நாளைக்கு அமெரிக்க ராணுவத்தின் அதிகாரிகளாகப் போகிற இளைஞர்கள். இன்னொரு பக்கம், பென்சில்வேனியாவிலிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒரு விடுதிப் பள்ளியின் அணி. அந்த அணியின் வீரர்கள் அத்தனை பேரும் பூர்வகுடி அமெரிக்கர்கள். பழைய புத்தகங்களில் 'செவ்விந்தியர்கள்' என்று படித்திருப்போமே, அவர்கள்தான்.

தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் அமெரிக்கக் குதிரைப்படை சுட்டுக் குவித்தது 1890 டிசம்பர் கடைசியில். அதற்குப் பிறகு 22 வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் பாப் வார்னர் நீளமாக எதுவும் பேசவில்லையாம். 'எதிரே நிற்கிறவர்களின் அப்பாக்களும் தாத்தாக்களும்தான் உங்கள் அப்பாக்களோடும் தாத்தாக்களோடும் சண்டை போட்டவர்கள்' என்று நினைவுபடுத்தினார், அதுவே போதுமானதாக இருந்தது என்று அந்த அணியின் குவார்ட்டர் பேக் கஸ் வெல்ச் பின்னாளில் சொன்னார்.

இந்தக் கதையை முழுசாகப் புரிந்துகொள்ள அந்தப் பள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் மனசு கனத்துப் போகும்.

முடியை வெட்டிய பள்ளிக்கூடம்

கார்லைல் இந்தியன் இண்டஸ்ட்ரியல் ஸ்கூல். 1879-ல் பழைய ராணுவ முகாம் ஒன்றில் இதைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. பிள்ளைக்குள் இருக்கும் 'இந்தியனை'க் கொன்றுவிட்டு மனிதனை மட்டும் காப்பாற்றுவதே நோக்கம் என்று மேடையிலேயே பேசியவர் அவர். பழங்குடிப் பகுதிகளிலிருந்து குழந்தைகளை ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள். லகோட்டா மாதிரியான சமூகங்களில் முடியை வெட்டுவது துக்க வீட்டு வழக்கம். யார் செத்துப் போனார்கள் என்று தெரியாமல் குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். வீட்டில் போட்டிருந்த உடை போனது. வைத்த பெயர் போனது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. பாதி நாள் பாடம். மீதி நாள் தச்சு, தையல், செருப்பு தைத்தல், துணி வெளுத்தல். பலரை வெள்ளைக்காரர்களின் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

140-க்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்களின் பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். காசநோய் போன்ற நோய்களால் இறந்தவர்கள் ஏராளம். பள்ளியின் இடுகாட்டில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட கல்லறைகள்.

கல்லூரி அணிகளோடு மோதியதால் கார்லைலையும் கல்லூரி அணி என்றே வரலாறு எழுதி வைத்திருக்கிறது. உண்மையில் அது கல்லூரியே அல்ல. ஹார்வர்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களோடு மல்லுக்கு நின்றவர்கள் ஒரு தொழிற்பள்ளியின் பிள்ளைகள்.

அவர்களுக்குக் கால்பந்தும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆட்டத்தில் ஒரு மாணவனுக்குக் கால் முறிந்ததும், வெளி அணிகளோடு ஆடவே கூடாது என்று பிராட் தடை போட்டுவிட்டார். 40 மாணவர்கள் திரண்டு போய்க் கேட்டதும் இறங்கிவந்தார், இரண்டு நிபந்தனைகளோடு. எதிராளி அடித்தாலும் நீங்கள் திருப்பி அடிக்கக் கூடாது. சில வருடங்களுக்குள் நாட்டின் பெரிய அணி ஒன்றைத் தோற்கடித்துக் காட்ட வேண்டும். முதல் நிபந்தனை ஏன் என்று யோசித்தால் புரியும். வெள்ளை மாணவன் கை ஓங்கினால் 'ஆட்டத்தின் வேகம்' என்பார்கள். கார்லைல் பையன் கை ஓங்கினால் 'பார்த்தீர்களா, காட்டுமிராண்டி' என்று மறுநாள் பத்திரிகையில் வரும்.

காலால் ஆடாத கால்பந்து

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். இது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, எதிராளி பாய்ந்து விழுந்து மடக்குகிற அமெரிக்கக் கால்பந்து. கபடியில் ரெய்டு போனவரை ஏழு பேர் சேர்ந்து அமுக்குவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மல்லுக்கட்டு. பந்து வைத்திருக்கும் அணி குறிப்பிட்ட வாய்ப்புகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் 'டச் டவுன்'. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 'ஃபீல்டு கோல்', 3 புள்ளி.

அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தில் உயிரே போகும். 1905-ல் நடந்த சாவுகளைப் பார்த்து அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட வேண்டியிருந்தது. ஆட்டத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டால் நெரிசல் குறையும் என்று, 1906-ல் பந்தைக் கையால் முன்னோக்கி வீசி எறியும் 'ஃபார்வர்டு பாஸ்' அனுமதிக்கப்பட்டது. பெரிய கல்லூரிகள் அதைச் சீண்டவில்லை. எடை போட்டு இடித்துத் தள்ளியே ஜெயிக்கிறவர்களுக்கு வீசி எறிகிற வேலை எதற்கு?

கார்லைல் பையன்கள் எடையில் குறைவு, வேகத்தில் அதிகம். அவர்களுக்கு அந்த விதி வரமாக அமைந்தது. 1907-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வீழ்த்தியபோது, பந்து பறப்பதைப் பார்த்து எதிரணி திகைத்து நின்றது. தந்திரங்களிலும் குறைச்சல் இல்லை. 1903-ல் ஹார்வர்டுக்கு எதிராக ஒரு வீரரின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் பந்தைச் செருகி அனுப்பினார்கள். ஹார்வர்டு வீரர்கள் மைதானம் முழுக்கப் பந்தைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு ஓடிப்போய் டச் டவுன் போட்டார்! ஆனாலும் அந்த ஆட்டத்தை ஹார்வர்டு ஒரே புள்ளி வித்தியாசத்தில், 12-11 என்று ஜெயித்துவிட்டது.

மூன்று தலைகள்

1912 அணியைப் பற்றிப் பேசினால் மூன்று பேரைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஜிம் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் சமூகம், ஒக்லஹோமா பக்கம். 1907-ல் வேலை உடுப்போடு மைதானத்தைக் கடந்து போனவர், அங்கே உயரம் தாண்டத் திணறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து 'நானும் ஒரு தடவை' என்று கேட்டு 5 அடி 9 அங்குலத்தைத் தாண்டிவிட்டுப் போனார் என்பது கார்லைலின் ஸ்தல புராணம். 1911-ல் கட்டுப்போட்ட காலோடு நான்கு ஃபீல்டு கோல் உதைத்து, ஹார்வர்டை 18-15 என்று சாய்த்ததில் அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது. 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். அதே பள்ளியின் ஹோப்பி இளைஞர் லூயிஸ் தெவானிமா 10,000 மீட்டரில் வெள்ளி. ஊர்வலம், பேண்டு வாத்தியம் எல்லாம் முடிந்ததும் தோர்ப் நேராகக் கால்பந்துக்கு வந்தார், கேப்டனாக. உலகமே மெச்சிய அந்த வீரரின் மக்கள் எல்லோருக்கும் சொந்த நாட்டில் குடியுரிமை கிடைத்தது 1924-ல்தான்.

இரண்டாவது, பாப் வார்னர். கார்லைலின் பயிற்சியாளர், விளையாட்டுத் துறையின் முதலாளி மாதிரி. மூளைக்காரர். பையன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார், கையும் நீட்டுவார். டிக்கெட் வசூல் அவர் கையில்.

மூன்றாவது, கஸ் வெல்ச். விஸ்கான்சினைச் சேர்ந்த ஒஜிப்வே இளைஞர். களத்தில் அணியை இயக்கிய குவார்ட்டர் பேக். தோர்ப்பைப் பற்றிப் புத்தகங்களும் சினிமாவும் வந்துவிட்டன. வெல்ச்சைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. இந்தக் கதையில் துணிச்சலான காரியத்தைச் செய்தவர் அவர்தான்.

14 ஆட்டம், 504 புள்ளி

அந்த வருடம் விதிகள் மறுபடி மாறியிருந்தன. 10 யார்டு முன்னேற மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு. டச் டவுனுக்கு 5-க்குப் பதில் 6 புள்ளி. பாஸ் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகள் பலவும் நீக்கப்பட்டன. கார்லைலுக்குத் தைத்து வைத்த சட்டை மாதிரி!

ஆரம்பமே அதிரடி. ஆல்பிரைட் 50-7, லெபனான் வேலி 45-0, டிக்கின்சன் 34-0, வில்லனோவா 65-0. அப்புறம்தான் ஒரு சறுக்கல். அக்டோபர் 5-ல் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் அணியோடு 0-0. தோர்ப்பின் உதைகள் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

கோபம் அடுத்த வாரம் சைராகுஸ் மேல் இறங்கியது. முந்தைய வருடம் கார்லைலைத் தோற்கடித்த ஒரே அணி அது. இந்த முறை 33-0. பிட்ஸ்பர்க் 45-8. வாஷிங்டன் நகரில் சனிக்கிழமை ஜார்ஜ் டவுனை 34-20 என்று முடித்துவிட்டு ரயிலேறி, திங்கட்கிழமை கனடாவில் டொரன்டோ அணியையும் ஜெயித்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாள். அவ்வளவு அலைச்சல் ஏன்? பெரிய ஆட்டங்கள் எல்லாமே வெளியூரில்தான். கூட்டம் அங்கே, வசூலும் அங்கே. அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கிற நாளும் வந்தது.

லீஹை 34-14. அதற்கடுத்த சனிக்கிழமைதான் வெஸ்ட் பாயின்ட்.

அந்த சனிக்கிழமை

ராணுவ அணியின் கேப்டன் லேலண்ட் டிவோர், ராட்சத உருவம். அதே அணியில் ட்வைட் ஐசனோவர் என்றொரு துடிப்பான பையன். ஆமாம், பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளை நடத்தி, அமெரிக்க அதிபரும் ஆன அதே ஐசனோவர்தான்.

வார்னர் இந்த ஆட்டத்துக்காக ஒரு புது வியூகத்தைக் கொண்டுவந்தார். பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்களில் இருவரை முன்வரிசையின் இரண்டு முனைகளுக்கும் அருகே நகர்த்தி நிறுத்துவது. யார் ஓடுவார், யார் எறிவார், யார் வாங்குவார் என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. பின்னாளில் 'டபுள் விங்' என்று பெயர்பெற்ற முறை.

முதலில் டச் டவுன் போட்டது ராணுவம், 6-0. கார்லைல் பதறவில்லை. ஜோ பெர்ஜி கோட்டைத் தாண்ட, தோர்ப் கூடுதல் புள்ளியை உதைக்க, இடைவேளையில் 7-6.

நடுவில் ஒரு தடவை தோர்ப் தோளில் அடிபட்டு விழுந்தார். விதிப்படி நேரம் முடியப் போகிறது என்று நடுவர் கணக்குப் பார்க்க, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றாராம் டிவோர். அந்தப் பெருந்தன்மை ரொம்ப நேரம் நிற்கவில்லை. தன்னைத் திரும்பத் திரும்ப மடக்கிக்கொண்டிருந்த ஜோ கையன் என்ற ஒஜிப்வே வீரர்மீது பாய்ந்து தாக்கியதற்காக டிவோரையே நடுவர்கள் வெளியே அனுப்பினார்கள்.

ஐசனோவரும் சக வீரர் ஒருவரும் தோர்ப்பை மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் தாக்கி ஆட்டத்திலிருந்தே அகற்றத் திட்டம் போட்டதாகச் சொல்வார்கள். ஓடி வந்த தோர்ப் சட்டென்று நிற்க, இருவரும் ஒருவர்மீது ஒருவர் மோதி விழுந்ததுதான் மிச்சம். அன்று அடிவாங்கிய ஐசனோவரின் முழங்கால் அடுத்த வார ஆட்டத்தில் மோசமாகி, அவருடைய கால்பந்து வாழ்க்கையே முடிந்தது. பல வருடம் கழித்தும், தான் பார்த்த ஆட்டக்காரர்களில் தோர்ப் மாதிரி ஒருவர் இல்லை என்று அவர் பேசியிருக்கிறார்.

தோர்ப் 92 யார்டு ஓடிப்போட்ட டச் டவுன் செல்லாது என்று அறிவிக்கப்பட, மறுமுறை 97 யார்டு ஓடி மறுபடியும் போட்டார் என்று ஒரு கதை நூறு வருடமாக உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்றைய ஸ்கோர் கணக்கு வேறு. கார்லைலின் நான்கு டச் டவுன்களில் மூன்று அலெக்ஸ் அர்காஸாவுடையவை, ஒன்று பெர்ஜியுடையது. எதிரணியின் கண் முழுக்கத் தோர்ப் மேல் இருந்ததால் மற்றவர்களுக்கு வழி திறந்தது. அதைத் தோர்ப்பும் வெல்ச்சும் தெரிந்தே பயன்படுத்தினார்கள். ஒற்றை ஹீரோ கதையைவிட இது இன்னும் சுவாரஸ்யம் இல்லையா?

முடிவு, கார்லைல் 27, ராணுவம் 6. இதற்கு முந்தைய வருடம்தான் கொல்கத்தாவில் மோகன் பகான் அணி ஆங்கிலேய ரெஜிமென்ட் அணியை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கியிருந்தது. தன்னை ஆள்கிறவனின் ராணுவத்தோடு மைதானத்தில் மோதுவது எப்படி இருக்கும் என்று நம் ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த உழைப்புக்கு உடம்பு விலை கொடுத்தது. ஒரு வாரம் கழித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று சீசனின் ஒரே தோல்வி. பிறகு ஸ்பிரிங்ஃபீல்டை 30-24 என்று திக்கித் திணறி ஜெயித்து, நவம்பர் 28-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று முடித்தார்கள். தோர்ப் கார்லைலுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. மொத்தம் 14 ஆட்டம், 12 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா, 504 புள்ளிகள்.

கைவிட்ட கை

1913 ஜனவரி. 1909, 1910-ல் வட கரோலினாவில் தோர்ப் சொற்பக் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அமெச்சூர்கள் மட்டுமே ஒலிம்பிக்ஸில் ஆடலாம் என்ற காலம். அதே மாதிரி கோடையில் காசுக்கு ஆடிய கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர். அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார், மாட்டிக்கொண்டார்.

வார்னர் தனக்கு எதுவுமே தெரியாது என்று கையை விரித்தார். இரண்டு வருடம் பள்ளியில் இல்லாத நட்சத்திர வீரர் எங்கே போனார் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதா என்ன? தோர்ப் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. உலக நடப்புத் தெரியாத இந்தியப் பள்ளி மாணவன் தான் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் கடிதத்தின் பின்னால் வார்னரின் கை இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. போட்டி முடிந்து 30 நாள்களுக்குள் புகார் வர வேண்டும் என்பது ஒலிம்பிக்ஸ் விதி. இந்தப் புகார் அரை வருடம் கழித்து வந்தது. அதைச் சுட்டிக்காட்ட அன்றைக்கு யாரும் இல்லை. பதக்கங்கள் திருப்பி அனுப்பப்பட்டன.

வெல்ச் அடுத்த வருடமும் பள்ளியில் இருந்தார். பயிற்சியாளரின் வசை, அடி, விளையாட்டு நிதியில் கணக்கில்லாத செலவு, பிள்ளைகளின் தட்டில் போதாத சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், பள்ளியை விசாரிக்கச் சொல்லி அரசுக்கு ஒரு மனு எழுதினார். 276 மாணவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1914-ல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்து உட்கார்ந்து விசாரித்தது. தன் பயிற்சியாளருக்கு எதிராக வெல்ச் நேரில் சாட்சி சொன்னார். கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 1915-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். அமெரிக்காவில் சிறுவர்களுக்கான ஒரு பெரிய கால்பந்து அமைப்பு இன்றைக்கும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

வெல்ச் சட்டம் படித்தார், முதல் உலகப்போரில் ராணுவ அதிகாரியாகப் போனார், திரும்பி வந்து கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளர் ஆனார். தோர்ப் 1920-ல் இன்றைய என்.எஃப்.எல். அமைப்பின் முதல் தலைவரானார். 1953-ல் வறுமையில் இறந்தார். அவருடைய பதக்கங்களின் நகல்கள் 1983-ல் பிள்ளைகளிடம் தரப்பட்டன. ஆனாலும் 'இணை வெற்றியாளர்' என்றுதான் பதிவு. இரண்டு போட்டிகளுக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி திருத்தி எழுதியது 2022 ஜூலையில்.

கார்லைல் பள்ளி 1918-ல் மூடப்பட்டது. அந்த வளாகத்தில் இப்போது இருப்பது அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரி. 2017-லிருந்து அந்த இடுகாட்டுக் கல்லறைகளைத் தோண்டி, குழந்தைகளின் எலும்புகளை அவரவர் சொந்த மண்ணுக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் அந்த இடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தோர்ப்பும் வெல்ச்சும் பயிற்சி எடுத்த மைதானம் இன்னும் அங்கே இருக்கிறது. அதன் பெயர் 'இந்தியன் ஃபீல்டு'.